‘அனுப்பிட்டேன்’னா ‘போய்ச் சேர்ந்துடுச்சு’னு அர்த்தமா? - ஒரு மெஸ்ஸும், காணாமல்போன மூன்று ஆர்டர்களும்!

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணி. எங்கள் ஏரியா மெஸ்ஸில் நிற்க இடமில்லை. ஏழாம் நம்பர் டேபிளில் ஒரு குடும்பம். அம்மாவின் மடியில் தூங்கி வழியும் குழந்தை. ஆர்டர் சொல்லி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களுக்குப் பிறகு வந்தவர்கள் சாப்பிட்டு, கைகழுவி, பில்லும் கொடுத்தாகிவிட்டது. குழந்தையின் அப்பா எழுந்து கல்லாவுக்கு வந்தார். “ஏங்க, நாங்க என்ன வேடிக்கை பார்க்கவா வந்தோம்?”

ஓனர் அண்ணன், சப்ளையர் தம்பியைக் கூப்பிட்டார். “அப்பவே அனுப்பிட்டேண்ணே, இதோ பாருங்க” என்று போனை நீட்டினான் அவன். திரையில் பச்சை டிக்கோடு ‘ஆர்டர் அனுப்பப்பட்டது’ என்று இருந்தது. கிச்சனில் போய்க் கேட்டால் மாஸ்டர், “என் ஸ்கிரீன்ல ஏழாம் நம்பரே வரலையே” என்கிறார். ரெண்டு பேரில் ஒருத்தர் பொய் சொல்கிறார் என்றுதான் அங்கே நின்ற எல்லோரும் நினைத்தார்கள். தம்பி வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகிறது. மாஸ்டரோ கடை ஆரம்பித்த நாளிலிருந்து இருப்பவர். திட்டு யாருக்கு விழுந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் குடும்பம் சாப்பிடாமலேயே கிளம்பிப் போனது. அந்த டேபிளின் கணக்கை தம்பியின் சம்பளத்தில் பிடித்துவிட்டார் ஓனர்.

உண்மை என்னவென்றால், ரெண்டு பேருமே பொய் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. அந்த ஆர்டர் ஆப்பை எழுதிக் கொடுத்தது நான்தான்.

மறுநாள் சர்வரில் பதிவான விவரங்களைத் தோண்டியபோதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது. சாட், ஆட்டோ புக்கிங், லைவ் ஸ்கோர் என்று ஒரு நாளைக்கு நூறு முறை நாம் தொடுகிற ‘உடனடி’ சமாசாரங்கள் எப்படி வேலை செய்கின்றன, எங்கே காலை வாருகின்றன என்பதை அந்த ஏழாம் நம்பர் டேபிளை வைத்தே சொல்லிவிடலாம். நீங்க கோடிங் பக்கமே போகாதவரா இருந்தாலும் பரவாயில்லை. கையில் போன் இருந்தால் போதும்.

“பாமாயில் வந்துடுச்சாண்ணே?”

ஒரு வெப்சைட்டைத் திறக்கும்போது என்ன நடக்கிறது? ‘இந்தப் பக்கத்தைக் கொடு’ என்று உங்கள் போன் சர்வரிடம் கேட்கும். சர்வர் கொடுக்கும். அதோடு பேச்சு முடிந்தது. ஹெச்.டி.டி.பி என்கிற நடைமுறையின் அடிப்படையே இதுதான்: கேட்டால்தான் பதில். சர்வரிடம் புதிதாக ஒரு தகவல் வந்திருந்தாலும், நீங்கள் கேட்காதவரை அது தானாக உங்களைக் கூப்பிட்டுச் சொல்லாது.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பாமாயில் வந்துவிட்டதா என்று தெரிய, நீங்கதான் நடந்து போகணும். “வந்துடுச்சாண்ணே?” “இன்னும் வரலை, நாளைக்கு வாங்க.” மறுநாளும் நடை. பத்து நடையில் ஒன்பது வீண். இப்படித் திரும்பத் திரும்பப் போய்க் கேட்பதற்கு டெக் உலகில் ‘போலிங்’ என்று பெயர்.

மெஸ் ஆப்பின் முதல் வடிவம் இதைத்தான் செய்தது. நாலு சப்ளையர் போன், கல்லாவில் ஒன்று, கிச்சனில் ஒரு டேப்லெட். மொத்தம் ஆறு கருவிகள். ஒவ்வொன்றும் ஐந்து விநாடிக்கு ஒருமுறை ‘புதுசா ஏதாவது வந்திருக்கா?’ என்று சர்வரைக் கேட்கும். கணக்குப் போட்டால் நிமிஷத்துக்கு 72 கேள்வி, மணிக்கு 4,320 கேள்வி. உச்சக்கட்டக் கூட்டத்திலும் அந்தக் கடையில் ஒரு மணி நேரத்தில் 70 ஆர்டர் தாண்டாது. மிச்ச கேள்விகளுக்கெல்லாம் ‘ஒண்ணுமில்லை’ என்பதே பதில். அப்படியும் ஐந்து விநாடி தாமதம் இருக்கும்.

இதைவிடக் கொஞ்சம் விவரமான வழி ஒன்று உண்டு. ரேஷன் கடைக்குப் போய், “வர்ற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கேண்ணே” என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுவது. ஸ்டாக் வந்ததும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டு, உடனே திரும்பி வந்து மறுபடியும் உட்கார்ந்துகொள்வது. இதுதான் ‘லாங் போலிங்’. போன் ஒரு கேள்வி கேட்கும். சர்வர் உடனே பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்கும். தகவல் வந்ததும் பதில் தரும். ஜிமெயிலுக்குள் சாட் வசதி வந்த 2006-ம் ஆண்டு காலகட்டத்தில் இந்த மாதிரி உத்திகளை வைத்துத்தான் ‘லைவ்’ காட்டினார்கள்.

திறந்தே இருக்கும் லைன்

நடையும் வேண்டாம், வாசலில் உட்காரவும் வேண்டாம். கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு, கட் பண்ணாமல் லைனிலேயே இருந்தால்? ஸ்டாக் வந்ததும் அவர் சொல்வார். உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் நீங்களும் கேட்கலாம். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம்.

இதுதான் வெப்சாக்கெட். இணையத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப் அமைப்பு, 2011 டிசம்பரில் ஆர்.எஃப்.சி 6455 என்ற ஆவணமாக இதை வெளியிட்டது. அதன் ஆரம்பம் சுவாரஸ்யமானது. முதலில் பிரவுசர் சாதாரண ஹெச்.டி.டி.பி கேள்வி ஒன்றைத்தான் அனுப்பும். கூடவே, ‘நாம இனிமே வெப்சாக்கெட்ல பேசிக்கலாமா?’ என்று ஒரு குறிப்பு வைக்கும். சர்வருக்குச் சம்மதம் என்றால் 101 என்ற எண்ணோடு பதில் வரும். பக்கம் இல்லாதபோது 404 காட்டுமே, அதே குடும்பத்து எண்தான் இதுவும். ‘சரி, மாறிக்கலாம்’ என்று அர்த்தம். அதற்குப் பிறகு அதே இணைப்பில் ரெண்டு பக்கமும் இஷ்டத்துக்குப் பேசலாம்.

செலவும் குறைவு. ஹெச்.டி.டி.பி-யில் ஒவ்வொரு கேள்வி, பதிலுக்கும் முன்னால் முகவரி, குக்கீ என்று சில நூறு பைட் அளவுக்கு முன்குறிப்புகள் ஒட்டிக்கொண்டு போகும். வெப்சாக்கெட்டில் ஒரு சின்ன மெசேஜுக்கு சர்வர் பக்கமிருந்து வெறும் 2 பைட், போன் பக்கமிருந்து 6 பைட் முன்குறிப்பு போதும்.

சாக்கெட் ஐஓ எதுக்கு?

லைன் திறந்தாச்சு, அப்புறம் என்ன என்று கேட்டால், லைன் திறப்பதுதான் சுலபமான வேலை. அது எப்போது அறுந்தது என்று கண்டுபிடிக்கணும். அறுந்தால் திரும்ப இணைக்கணும். யாருக்கு எந்தச் செய்தி என்று பிரிக்கணும். இதையெல்லாம் நாமே எழுத ஆரம்பித்தால் மாசக்கணக்கில் இழுக்கும். அதற்காகத்தான் ரெடிமேட் லைப்ரரிகள் இருக்கின்றன.

அதில் பிரபலமானது சாக்கெட் ஐஓ. ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரிலும் ஓடவைக்கும் நோட் ஜே.எஸ், ரயன் டால் என்பவரால் 2009-ல் வந்தது. அடுத்த ஆண்டே, அர்ஜென்டினாவைச் சேர்ந்த கியெர்மோ ராவ்ச் என்ற இளைஞர் அதற்காக எழுதிய லைப்ரரிதான் சாக்கெட் ஐஓ. மைக்ரோசாஃப்ட்டின் டாட்நெட்டில் வேலை செய்பவர்களுக்கு சிக்னல்ஆர், பைத்தானில் ஜாங்கோ பழகியவர்களுக்கு ஜாங்கோ சேனல்ஸ் என்று மற்ற மொழிகளிலும் இதே மாதிரி உண்டு. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை பிடிபட்டுவிடும்.

சாக்கெட் ஐஓ-வில் முக்கியமான வார்த்தைகள் மூன்றுதான். முதலாவது ‘எமிட்’. ஒரு பெயர் வைத்து ஒரு தகவலை அனுப்புவது. ‘புது ஆர்டர்’ என்ற பெயரில் ‘ஏழாம் நம்பர் டேபிள், ஆறு பரோட்டா, ஒரு கலக்கி’ என்று அனுப்பலாம். இரண்டாவது ‘ஆன்’. அந்தப் பெயரில் ஏதாவது வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று காத்திருப்பது. போனும் எமிட் செய்யலாம், சர்வரும் செய்யலாம். ரெண்டு பக்கமும் ஆன் வைத்துக் காத்திருக்கலாம்.

மூன்றாவது ‘ரூம்’. வாட்ஸ்அப் குரூப் மாதிரி. ஆனால், யார் எந்த ரூமில் இருக்கிறார்கள் என்ற கணக்கு சர்வரிடம் மட்டுமே இருக்கும். கிச்சன் டேப்லெட் இணைந்ததும் சர்வர் அதை ‘கிச்சன்’ ரூமில் சேர்த்துவிடும். ஆர்டர் வந்தால், ‘கிச்சன் ரூமில் இருக்கிற எல்லோருக்கும் அனுப்பு’ என்று ஒரே வரி. நாளைக்கு ஜூஸ் கவுன்ட்டருக்குத் தனி டேப்லெட் வந்தால், அதற்கு ஒரு ரூம்.

அவ்வளவுதான். ஒரு சாயங்காலத்தில் எழுதி முடித்துவிட்டேன். தம்பி போனில் தட்டியதும் கண் சிமிட்டும் நேரத்தில் மாஸ்டர் ஸ்கிரீனில் ஆர்டர் வந்து நின்றது. ஓனர் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். சீட்டு எழுதும் நோட்டைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். மூணு வாரம் ஒரு பிரச்னையும் இல்லை. நாலாவது வார ஞாயிற்றுக்கிழமைதான் அந்தக் கூத்து.

25 + 20 = 45 விநாடி இருட்டு

அன்று நடந்தது இதுதான். கூட்ட நேரத்தில் யாரோ தன் போனுக்கு சார்ஜ் போட, வைஃபை ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார். ஐந்து நிமிஷம் கழித்துக் கல்லாவில் இருந்தவர் பார்த்துத் திரும்பச் சொருகிவிட்டார். பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றவில்லை.

சப்ளையர் தம்பியின் போனில் சிம் இருந்தது. வைஃபை போனதும் மொபைல் டேட்டாவுக்குத் தாவிக்கொண்டது. சாக்கெட் ஐஓ சில விநாடிகளில் திரும்ப இணைத்துவிட்டதால் அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. கிச்சன் டேப்லெட்டில் சிம் கிடையாது. அது உலகத்தோடு தொடர்பே இல்லாமல், பழைய ஆர்டர்களை மட்டும் காட்டிக்கொண்டு சுவரில் தொங்கியது.

இந்த விஷயம் சர்வருக்கு எப்போது தெரியும்? உடனே தெரியாது. எதிரே இருப்பவர் போனைக் கட் பண்ணினால் ‘டொய்ங்’ சத்தம் வரும். ஆனால், சுரங்கப்பாதைக்குள் போய்விட்டால்? “ஹலோ... ஹலோ... இருக்கீங்களா?” என்று நாமாகக் கேட்டுப் பார்த்துத்தானே தெரிந்துகொள்கிறோம். சாக்கெட் ஐஓ-வும் அதையேதான் செய்கிறது. சர்வர் 25 விநாடிக்கு ஒருமுறை ‘இருக்கியா?’ என்று கேட்கும். 20 விநாடிக்குள் ‘இருக்கேன்’ என்று பதில் வரணும். வராவிட்டால்தான் லைன் அறுந்தது என்று முடிவு கட்டும். நாமாக மாற்றாதவரை இவைதான் அதில் இருக்கும் கணக்கு. ஆக, மோசமான நேரத்தில் சுமார் 45 விநாடி வரைக்கும், அறுந்துபோன லைனில் ஆள் இருப்பதாகவே சர்வர் நம்பிக்கொண்டிருக்கும்.

ஏழாம் நம்பர் ஆர்டர் அந்த இருட்டில்தான் வந்தது. சர்வர் அதை வாங்கி, கிச்சன் ரூமுக்கு அனுப்பியது. அது போய்ச் சேரவில்லை.

அடுத்து வந்த ரெண்டு ஆர்டர்களின் கதை வேறு. அதற்குள் கிச்சன் டேப்லெட் போய்விட்டது என்று சர்வர் கண்டுபிடித்து, ரூமிலிருந்து நீக்கிவிட்டது. கிச்சன் ரூம் காலி. காலியான ரூமுக்கு அனுப்பினால் சாக்கெட் ஐஓ என்ன செய்யும் தெரியுமா? எதுவும் செய்யாது. எர்ரர் வராது, எச்சரிக்கை வராது. பூட்டிய வீட்டு வாசலில் நின்று பத்திரிகை வைத்த மாதிரிதான். அந்த ரெண்டு டேபிள்காரர்களும் பொறுமையில்லாமல் சத்தம் போட்டதால், தம்பி ஓடிப்போய் மாஸ்டரிடம் வாய்மொழியாகச் சொல்லித் தப்பித்தான். ஏழாம் நம்பர் டேபிள் அமைதியாகக் காத்திருந்தது. அமைதியாக இருந்தவர்களுக்குத்தான் சாப்பாடு வரவில்லை.

சரி, வைஃபை திரும்ப வந்ததும் கிச்சன் டேப்லெட் மறுபடி இணைந்ததே, விட்டுப்போன ஆர்டர்கள் வந்திருக்க வேண்டாமா? நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவணத்தைச் சரியாகப் படிக்காததன் விளைவு. போன் பக்கம் லைன் இல்லை என்று தெரிந்தால், அனுப்ப வேண்டியதை சாக்கெட் ஐஓ சேர்த்துவைத்து, திரும்ப இணைந்ததும் அனுப்பும். சர்வர் பக்கம் அப்படிச் சேர்த்துவைக்காது. லைனில் இல்லாதவருக்கு அனுப்பியது போனது போனதுதான்.

சாக்கெட் ஐஓ தரும் உத்தரவாதம் இதுதான்: மெசேஜ்கள் வந்தால் அனுப்பிய வரிசையில் வரும், ஒரு மெசேஜ் அதிகபட்சம் ஒருமுறை வரும். ‘அதிகபட்சம் ஒருமுறை’ என்பதில் பூஜ்யமும் அடக்கம்.

அந்தப் பச்சை டிக்?

அது முழுக்க என் கைவரிசை. ‘எமிட்’ என்று எழுதிய அடுத்த வரியிலேயே ‘பச்சை டிக் காட்டு’ என்று எழுதியிருந்தேன். அதாவது, போன் வாயைத் திறந்ததற்கே டிக் போட்டாச்சு. சர்வர் காதில் விழுந்ததா, கிச்சனுக்குப் போனதா என்று எதையும் அது பார்க்கவில்லை. அந்த டிக்கை நம்பித்தான் தம்பி ஓனரிடம் போனை நீட்டினான்.

இங்கேதான் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வரணும். அங்கே ஒரு டிக் என்றால் மெசேஜ் உங்கள் போனிலிருந்து கிளம்பிவிட்டது. ரெண்டு டிக் என்றால் எதிராளியின் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீல டிக் என்றால் படித்தாகிவிட்டது. டெலிகிராமில் அர்த்தமே வேறு. அங்கே ஒரு டிக் என்றால் டெலிகிராமின் சர்வருக்குப் போய்விட்டது, ரெண்டு டிக் என்றால் படித்தாகிவிட்டது. டிக் என்பது ஒவ்வொரு ஆப்பும் தனக்கென வைத்துக்கொள்ளும் வாக்குறுதி. எதற்கு டிக் போடுகிறோம் என்பதை எழுதுகிறவர் யோசித்து முடிவு செய்யணும். நான் யோசிக்கவில்லை.

எப்படிச் சரி செய்தோம்?

நீங்களும் ஒரு காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கோ, உங்கள் ஏரியா கடைக்கோ இந்த மாதிரி ஒன்று செய்யப் போகிறீர்கள் என்றால், இந்த ஐந்தையும் முதல் நாளே செய்துவிடுங்கள்.

1. முதலில் எழுதிவை, அப்புறம் சொல்: ஆர்டர் வந்ததும் சர்வர் அதை முதலில் டேட்டாபேஸில் சேமிக்கணும். அதற்குப் பிறகுதான் கிச்சன் ரூமுக்கு அனுப்பணும். லைன் அறுந்தாலும், சர்வரே நின்று மறுபடி ஓடினாலும் ஆர்டர் எங்கேயோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கும். சாக்கெட் என்பது கூப்பிட்டுச் சொல்லும் குரல். கணக்கு நோட்டு டேட்டாபேஸ்தான்.

2. பதில் வந்தால்தான் டிக்: எமிட் செய்யும்போதே, ‘கிடைச்சதும் எனக்குச் சொல்லு’ என்று ஒரு கோரிக்கையைச் சேர்த்து அனுப்பலாம். ‘அக்னாலெட்ஜ்மென்ட்’ என்று பெயர். 2025 வரை நம்மூரில் இருந்த ரிஜிஸ்டர் தபாலில் ஒப்புகை அட்டையில் கையெழுத்து வாங்கி வந்தார்களே, அதுதான். சேமித்து முடித்த பிறகு சர்வர் பதில் தரும். அது வந்த பிறகுதான் பச்சை டிக். ஐந்து விநாடிக்குள் வராவிட்டால் ஆப் தானாக மறுபடி அனுப்பும். அப்படியும் முடியாவிட்டால் சிவப்பில், ‘போகலை, நேர்ல போய்ச் சொல்லுங்க’ என்று காட்டும்.

3. ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி எண்: மறுபடி அனுப்புவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆர்டர் போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்துபோயிருந்தால்? ஆறு பரோட்டா பன்னிரண்டாகிவிடும். அதனால், போனிலேயே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு தனி எண் உருவாக்கி அனுப்பணும். அதே எண் ரெண்டாவது முறை வந்தால், ‘இது ஏற்கெனவே இருக்கே’ என்று சர்வர் ஒதுக்கிவிட்டு, பதிலை மட்டும் அனுப்பும்.

4. ‘நான் 41 வரைக்கும் பார்த்தேன்’: கிச்சன் டேப்லெட் ஒவ்வொரு முறை இணையும்போதும், தான் கடைசியாகப் பார்த்த ஆர்டர் வரிசை எண்ணைச் சொல்லணும். சர்வர் டேட்டாபேஸைப் பார்த்து 42-லிருந்து எல்லாவற்றையும் கொடுக்கும். சாக்கெட் ஐஓ-விலேயே, விட்டுப்போனதைச் சிறிது நேரத்துக்குச் சேர்த்துவைத்துத் தரும் வசதி ஒன்றும் இருக்கிறது. ஆனால், எல்லா நேரத்திலும் அது கைகொடுக்காது என்று அவர்களே சொல்கிறார்கள். அதனால், இந்த வரிசை எண் முறை அவசியம்.

5. லைன் இல்லைன்னா சத்தமா சொல்லு: அன்றைக்கு மாஸ்டர் பார்த்த ஸ்கிரீனில், தொடர்பு போய்விட்டது என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. இப்போது லைன் அறுந்தால் டேப்லெட் முழுக்க சிவப்பாகிவிடும், ஒரு பீப் சத்தமும் வரும். மாஸ்டர் உடனே எட்டிப் பார்த்து, “டேய், யாருடா பிளக்கைப் பிடுங்கினது?” என்று கேட்பார்.

இன்னொரு நல்ல விஷயமும் சொல்லணும். லைன் அறுந்தால் திரும்ப இணைக்கும் வேலையை சாக்கெட் ஐஓ அழகாகவே செய்கிறது. முதல் முயற்சி சுமார் ஒரு விநாடியில். அடுத்தது அதைவிடத் தாமதமாக, அடுத்தது இன்னும் தாமதமாக, அதிகபட்சம் ஐந்து விநாடி இடைவெளி வரை. அந்த இடைவெளியையும் ஒவ்வொரு கருவிக்கும் கொஞ்சம் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளும். ஏன்? கரன்ட் போய் வந்ததும் எல்லோரும் ஒரே நொடியில் சர்வர் கதவை முட்டினால் அது மறுபடியும் படுத்துவிடும். பஸ் நின்றதும் எல்லோரும் ஒரே படியில் ஏறினால் என்ன ஆகுமோ, அதுதான்.

ஐந்தையும் எழுதி முடித்த பிறகு சோதனை செய்தோம். கூட்டமில்லாத மதிய நேரத்தில், ஓனர் அனுமதியோடு, நானே ரூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். நாலு ஆர்டர் போட்டோம். கிச்சன் ஸ்கிரீன் சிவப்பானது. திரும்பச் சொருகியதும் நாலும் வரிசையாக வந்து நின்றன. இந்தச் சோதனையை முதல் வாரமே செய்திருந்தால் அந்தக் குழந்தை பசியோடு போயிருக்காது.

எல்லாத்துக்கும் இது வேணுமா?

வேண்டாம். பஸ் டைம் டேபிள், மெனு கார்டு மாதிரி எப்போதாவது மாறும் விஷயத்துக்கு சாதாரண வெப்பக்கம் போதும். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சர்வர் மட்டும் பேசி, நாம் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றால், ‘சர்வர் சென்ட் ஈவென்ட்ஸ்’ என்ற எளிமையான ஒருவழி முறை பிரவுசரிலேயே இருக்கிறது. ரெண்டு பக்கமும் பேசணும், உடனே பேசணும் என்றால் மட்டும் சாக்கெட் பக்கம் வாருங்கள்.

ஆப்பை மூடிய பிறகும் சாக்கெட் வேலை செய்யும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. பேட்டரியைக் காப்பாற்ற, பின்னணியில் இருக்கும் ஆப்களை ஆண்ட்ராய்டும் ஐபோனும் தூங்கவைத்துவிடும். ஆப் திறக்காமலேயே உங்களுக்கு வரும் நோட்டிஃபிகேஷன், கூகுளும் ஆப்பிளும் நடத்தும் தனி வழியில் வருகிறது. மொபைல் ஆப்பின் பின்னணி வேலைக்கு எங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று சாக்கெட் ஐஓ-காரர்களே சொல்கிறார்கள்.

பாதுகாப்பையும் மறக்கக் கூடாது. போனிலிருந்து வரும் எதையும் சர்வர் அப்படியே நம்பக் கூடாது. ‘பரோட்டா விலை ஒரு ரூபாய்’ என்று யாராவது எமிட் செய்தால்? விலையை எப்போதும் சர்வர்தான் கணக்கிடணும். யார் எந்த ரூமில் சேரலாம் என்பதையும் லாகின் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

கடை பெருகி, ஒரு சர்வர் போதாமல் ரெண்டு சர்வர் வைத்தால் அது அடுத்த கட்டம். தம்பி ஒரு சர்வரிலும் மாஸ்டர் இன்னொரு சர்வரிலும் இணைந்திருந்தால், ரெண்டுக்கும் இடையே செய்தி கடத்த ஒரு ஆள் வேண்டும். அதற்கு ரெடிஸ் என்ற மென்பொருளைப் பொதுவாகப் பயன்படுத்துவார்கள். ஒரு மெஸ்ஸுக்கு அதெல்லாம் தேவையில்லை.

கடைசியாக...

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே கடைக்குப் போனேன். மாஸ்டரையும் தம்பியையும் வைத்துக்கொண்டே ஓனரிடம் சொன்னேன்: “தப்பு என்னுதுண்ணே. தம்பி அனுப்பியிருக்கான். மாஸ்டருக்கு வரலை. ரெண்டுமே உண்மை.” ஓனர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கல்லாவைத் திறந்து, பிடித்த பணத்தை எடுத்து தம்பி கையில் கொடுத்தார். மாஸ்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

இப்போது அந்த ஆப்பில் மூணு டிக். புதிய வடிவத்தைக் காட்டியபோது தம்பி சந்தேகத்தோடுதான் பார்த்தான்.

“ஒரு டிக் வந்தா நம்பலாமாண்ணே?”

“ஒரு டிக்னா சர்வர்ல பதிஞ்சாச்சு. ரெண்டு டிக்னா மாஸ்டர் ஸ்கிரீனுக்குப் போயாச்சு. மூணு டிக்னா மாஸ்டர் பார்த்துட்டு, கையால தொட்டு ஓகே சொல்லிட்டார்.”

கொஞ்சம் யோசித்தான். “பரோட்டா எப்போ வரும்னு சொல்ற மாதிரி ஒரு டிக் வைக்க முடியாதா?”

உள்ளேயிருந்து மாஸ்டர் குரல் வந்தது. “அது எனக்கே தெரியாதுடா!”